மட்டக்களப்பா, கேரளமா?

யாழ்ப்பாணத்திலுள்ள எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களின் தலைவிகள் இருபது பேர் கற்கைப் பயணம் போகிறோம். எங்கே என்பதில்தான் இழுபறி.

செலவு: மட்டக்களப்புக்கு ஒரு பஸ் பிடித்தால் போதும். கேரளத்துக்குக் கடவுச்சீட்டு, விசா, பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம், பிறகு ரயில்.

மொழி: மட்டக்களப்பில் மனம்விட்டுத் தமிழில் பேசலாம். கேரளத்தில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.

கற்பது: கேரள அரசு 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற பெண்கள் திட்டத்தில் 10 முதல் 20 பெண்கள் சேர்ந்து ஓர் அயல்கூட்டம், அதன் மேல் இன்னும் இரண்டு அடுக்குகள். நுண்கடனில் நொந்துபோன நம் பெண்களுக்கு, கூட்டாகச் சேமித்துக் கடன் கொடுக்கும் அந்த முறை பெரிய பாடம்.

மட்டக்களப்பின் பாடம் வேறு. அங்கே தாய்வழிக் குடிமுறை. வீடும் வளவும் மகளுக்குப் போவது வழக்கம். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையின்படி கணவனின் சம்மதமின்றித் தன் சீதனக் காணியைக்கூட விற்க முடியாத யாழ்ப்பாணத்துப் பெண் அந்த ஊரைக் கண்ணால் பார்க்கத்தான் வேண்டும். போரில் கணவனை இழந்து குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் அங்கும் இருக்கிறார்கள். அவர்களோடு பேச முன்னுரை தேவையில்லை.

சேமிப்புக் குழுவை வளர்க்க நினைப்பவர்கள், பணமும் ஒரு வாரமும் இருந்தால் கேரளம் போகலாம். காணி உரிமைக்காக உழைப்பவர்களுக்கும் முதன்முறை ஊர்விட்டுப் புறப்படுபவர்களுக்கும் மட்டக்களப்பு. என் வாக்கு மட்டக்களப்புக்கே.