நெல்லைக் கடைகளில் கேப் துப்பாக்கி: சேகரிப்பவர்கள் எதை வாங்கலாம்?

ஆனித் திருவிழாவுக்கு நெல்லையப்பர் கோயில் ரத வீதிகளில் போடும் கடைகளிலும் தீபாவளிப் பட்டாசுக் கடைகளிலும் இரண்டு வகை கிடைக்கிறது. ஒன்று, சுருள் கேப்பு (வெடிமருந்துப் பொட்டு வைத்த காகிதச் சுருள்) போட்டு வெடிக்கும் உலோகத் துப்பாக்கி. மற்றது, 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டு போடும், அசலைப் போலவே இருக்கும் கறுப்புத் துப்பாக்கி. சேகரிப்புக்கு உலோகத் துப்பாக்கிதான் சரி. அதுவும் பளிச்சென்ற நிறத்தில் இருந்தால் மிகவும் நல்லது.

வாங்கும்போது துப்பாக்கி உடம்பின் இரண்டு பாதியும் இடைவெளி இல்லாமல் பொருந்துகிறதா பாருங்கள். பிறகு கேப்பு போடாமல் ட்ரிகரை மெதுவாக அழுத்துங்கள். உள்ளே சுருளைத் தள்ளும் சின்னப் பல் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு நகர வேண்டும். பல் தேய்ந்திருந்தால் காகிதம் வழுக்கும், சுத்தி இரண்டு பொட்டுக்கு நடுவில் விழும், வெடிக்காது. வெடிக்கவில்லை என்ற புகாருக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வெடித்த அன்று மாலையே துடைத்துவிட வேண்டும். கேப்பில் இருப்பது பொட்டாசியம் குளோரேட்டும் சிவப்புப் பாஸ்பரஸும். எரிந்தபின் தங்கும் கரி காற்றின் ஈரத்தை இழுக்கும். தீபாவளி முடிந்த கையோடு இங்கே ஐப்பசி, கார்த்திகை மழை. துத்தநாகக் கலவை உடம்பு தாங்கும். எஃகு ஸ்பிரிங்கும் திருகாணியும்தான் முதலில் துருப்பிடிக்கும். திருகாணியைக் கழற்றி, வெந்நீரில் சோப்புக் கலந்து துடைத்து, வெயிலில் உலர்த்தி, ஸ்பிரிங்கில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். சுத்தியை இழுத்த நிலையில் பெட்டியில் வைத்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிடும்.

அடைத்திருக்கும் குழாயைத் துளைக்கவே கூடாது. போலித் துப்பாக்கியை உரிமம் இல்லாமல் நிஜத் துப்பாக்கியாக மாற்றுவதை 1959 ஆயுதச் சட்டத்தின் 6-வது பிரிவு தடுக்கிறது. ஏர்கன் (காற்றழுத்தத்தில் குண்டு பாயும் துப்பாக்கி) சேர்க்கிறவர்களுக்கு 2016 ஆயுத விதிகள் முக்கியம்: குழாயின் உள்விட்டம் 4.5 மி.மீ.க்கு மேலோ, குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேலோ போனால் உரிமம் வேண்டும். 6 மி.மீ. குண்டு போடும் கறுப்புத் துப்பாக்கியைத் தவிர்க்கச் சொல்வதற்கு இந்த 4.5 மி.மீ. கணக்கும் ஒரு காரணம். கடைக்காரர் ‘வெறும் பொம்மைதான்’ என்று சொல்வது போதாது.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது இன்னும் சிக்கல். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அமெரிக்கப் பொம்மைகளின் நுனியில் இருக்கும் ஆரஞ்சு நிறம் 1989 முதல் அந்த நாட்டுச் சட்டப்படி வந்தது. அதன்மேல் கறுப்பு அடித்தால் சேகரிப்பு மதிப்பும் போகும், பார்ப்பவர்களும் மிரளுவார்கள். வாகைக்குளத்தில் (தூத்துக்குடி விமான நிலையம்) விமானம் ஏறும்போது கைப்பையில் எந்தப் பொம்மைத் துப்பாக்கியும் வேண்டாம்.

ஆன்லைனில் பட்டாசு விற்க 2018-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. ஆகவே கேப்பை உரிமம் பெற்ற கடையில் வாங்கி, ஈரம் புகாத டப்பாவில், துப்பாக்கியிலிருந்து தனியாக வையுங்கள்.