டூலா, ட்ரீம் தியேட்டரா?

புரோகிரசிவ் மெட்டல் (சிக்கலான தாளமும் நீண்ட பாடல்களும் கொண்ட ஹெவி மெட்டல் ராக்) என்றதும் இசை பயில்பவர்கள் சொல்வது ட்ரீம் தியேட்டர் இசைக்குழுவை. அமெரிக்காவில் பெருங்கூட்டம் டூல் குழுவின் பக்கம். 1985இல் பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரியில் உருவான ட்ரீம் தியேட்டருக்கு வானொலியில் பெரிதாக ஓடியது ‘புல் மீ அண்டர்’ ஒன்றுதான். எட்டு நிமிடப் பாட்டு ஓடியதே அதிசயம்! லாஸ் ஏஞ்சலிஸின் டூலோ 2001, 2006, 2019 என மூன்று ஆல்பங்களை அமெரிக்க ஆல்பம் தரவரிசையான பில்போர்டு 200இன் முதலிடத்தில் அமர்த்தியது.

தாளக் கணக்கு இரண்டிலும் சிக்கலானதே. டூலில் பேஸ் கிட்டார் ஒரே சுழலைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். கணக்குத் தெரியாதவரும் தலையாட்டலாம். ட்ரீம் தியேட்டரில் கிட்டாரும் கீபோர்டும் போட்டி போட்டுப் பறக்கும். விரல் வேகத்தை ரசிப்பவருக்கு விருந்து. எனக்குச் சில சமயம் திகட்டும். கிராமி இசை விருதும் டூலுக்கு 1998இலேயே கிடைத்தது. ட்ரீம் தியேட்டர் 2022 வரை காத்திருந்தது.