எட்டு ஆண்டுகளாகச் சாவி கொடுத்துக் கேட்கும் பாட்டுப்பெட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் நகரத்தில் ஒரு பழைய கிராமபோன் பெட்டியோடு 8 ஆண்டுகள் பழகியவன் நான். அந்தப் பெட்டியையும், அதில் சுழலும் தட்டுகளையும், அவற்றைப் பிரதியெடுத்து உறவினர்களுக்கு அனுப்பும் பழக்கத்தையும் பற்றி, எனக்கு நேர்ந்த நட்டங்களையும் மறைக்காமல் எழுதுகிறேன். பெட்டியை 2017இல் ஈப்போவில் ஒரு பழம்பொருள் வியாபாரியிடம் 650 ரிங்கிட் கொடுத்து வாங்கினேன். ஹெச்.எம்.வி. 102 என்னும் தூக்குப்பெட்டி வகையைச் சேர்ந்தது அது. 1931இல் விற்பனைக்கு வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் தயாரிப்பில் இருந்த வகை. தட்டுகள் விலைக்கு வாங்கியவை அல்ல. ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்த என் பெரியப்பா காலமான பிறகு, அவருடைய இரும்புப் பெட்டியின் அடியில் பழைய கணக்குப் புத்தகங்களுக்குக் கீழே 31 தட்டுகள் கிடைத்தன. அவற்றுள் 4 உடைந்திருந்தன. ஒன்றின் லேபிளை மட்டும் எலி தின்றிருந்தது.

எங்கள் குடும்பத்தில் யாரும் இசைத்தட்டு என்று சொல்லிக் கேட்டதில்லை. பிளேட்டு என்பார்கள், அதிலும் ஹெச்.எம்.வி.யின் நாய்ப் படம் போட்ட நாய் மார்க் பிளேட்டு என்றால் தனி மரியாதை. மாலையில் கிராணி வீட்டு வாசலில் பெட்டி திறக்கப்பட்டால், தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்திலிருந்து ஆட்கள் வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிடுவார்களாம். அந்த ரப்பர்த் தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை, லயங்களும் இல்லை. பிளேட்டுகள் மட்டும் என் வீட்டு அலமாரிக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

பெட்டியை இயக்க மின்சாரம் தேவையில்லை. கைப்பிடியைச் சுற்றிச் சாவி கொடுத்தால் உள்ளே இருக்கும் சுருள்வில் இறுகி, அது விரியும் வேகத்தில் தட்டு சுழலும். ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ ஒரு திருகும் கிடையாது. தட்டின் பாட்டுப் பள்ளத்தில் ஓடும் முள் தடித்ததாக இருந்தால் உரக்கவும் மெல்லியதாக இருந்தால் அடக்கமாகவும் பாடும், அவ்வளவுதான். முள் விஷயத்தில் சிக்கனம் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தட்டுகளின் கலவையில் வேண்டுமென்றே கல்தூள் சேர்த்திருக்கிறார்கள். அது எஃகு முள்ளின் நுனியைத் தேய்த்துப் பள்ளத்தின் வடிவத்துக்குக் கொண்டுவரும். ஒரு பக்கம் பாடி முடிப்பதற்குள் முள் தேய்ந்துவிடுவதால், அதே முள்ளோடு அடுத்த பக்கத்தை வைத்தால் அது பள்ளத்தைச் சீவத் தொடங்கும். ஆகவே ஒரு பக்கத்துக்கு ஒரு முள். 200 முட்கள் கொண்ட டப்பா 100 பிளேட்டுகளுக்குத்தான் வரும். பெட்டியைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்குகிறவர்களில் பலர் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

தட்டுகளின் மூலப்பொருள் அரக்கு. ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவனுக்கு இதில் ஒரு சின்ன ஏமாற்றம் உண்டு, ஏனென்றால் தட்டு வடிவப் பதிவைக் கண்டுபிடித்த எமில் பெர்லினர் முதலில் கெட்டி ரப்பரில்தான் அவற்றைச் செய்தார். அது சரிவர அமையாததால் 1890களின் நடுவில் அரக்குக் கலவைக்கு மாறினார். மாறாமல் இருந்திருந்தால் எங்கள் தாத்தாமார் வெட்டிய பாலிலேயே நாடக மேடைப் பாடகர் கிட்டப்பா பாடியிருப்பார்.

அரக்கு இந்த ஊர்ப் புழுக்கத்தைத் தாங்கும், ஆனால் பூஞ்சணம் படியும். முதல் ஆண்டில் நான் செய்த பெரும் பிழை அதைத் துடைக்கப் போய் நடந்தது. மருத்துவமனையில் காயம் துடைக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து, ஆர்மோனியத் தனி வாசிப்பு ஒன்றின் மீது தேய்த்தேன். பஞ்சு கருத்தது. அழுக்குத்தான் வருகிறது என்று மகிழ்ந்து மேலும் தேய்த்தேன். வந்தது தட்டு, அரக்கு ஸ்பிரிட்டில் கரையும் என்பது எனக்கு அப்போது தெரியாது. உலர்ந்தபின் அந்தப் பக்கம் சாம்பல் பூத்தது போல் ஆகி, முள் வைத்தால் மழைச் சத்தம் மட்டுமே கேட்டது. இப்போது காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, லேபிளில் ஈரம் படாமல் மென்மையான தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே சுற்றித் துடைத்து, உடனே உலர்த்திவிடுகிறேன். அடுக்கி வைப்பதும் நெட்டாகத்தான்; ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் அடியில் உள்ளது விரிசல் விடும்.

சுருள்வில் ஐந்தாம் ஆண்டில் அறுந்தது. பல பத்தாண்டு மசகு உள்ளே மெழுகு போல் இறுகியிருந்ததைக் கவனிக்காமல் நான் சாவியை முறுக்கிக்கொண்டே போனதுதான் காரணம். நள்ளிரவில் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம்; என் மனைவி விளக்கைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை. வேறொரு ஊரில் பழுது பார்ப்பவர் ஒருவர் 280 ரிங்கிட் வாங்கிக்கொண்டு புது வில்லைப் போட்டுத் தந்தார், ஆனால் அதற்கு உரிய மசகைத் தடவவில்லை. பாட்டின் நடுவில் உள்ளே 'தட்' என்று வில் வழுக்கும். அந்த இடத்தில் பாடகர் ஒரு கணம் தள்ளாடுவார். கடைசியில் பென்சில் கரி கலந்த மசகை வாங்கி நானே பிரித்துப் பூசினேன். கூட்டிலிருந்து விடுபடும் வில் முகத்தைக் கிழித்துவிடும் வேகத்தில் பாயும் என்பதால், இதைப் பழக்கமில்லாதவர்கள் செய்யக் கூடாது.

இவையெல்லாம் சமாளிக்கக் கூடியவை. என்னைப் பல மாதங்கள் ஏமாற்றியது வேகம். இந்தத் தட்டுகள் பொதுவாக நிமிடத்துக்கு 78 சுற்று சுழல வேண்டியவை.

எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் 27 வயதில் மறைந்தவர். பேசும் படங்களில் அவர் இல்லை, ஆகவே அவர் குரல் நமக்கு மிஞ்சியிருப்பது பிளேட்டுகளில் மட்டுமே. அவருடைய தட்டு ஒன்றை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கூடத்தில் போட்டேன். வந்திருந்தவர்களில் ஓய்வு பெற்ற மண்டோர் (தோட்டத் தொழிலாளர்களின் மேற்பார்வையாளர்) ஒருவர், இளமையில் தோட்டத்து மாரியம்மன் திருவிழா நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். அரைப் பக்கம்கூட ஓடியிருக்காது, கையை உயர்த்தினார்.

"தம்பி, நிறுத்துப்பா. இவரு இவ்வளவு தாழப் பாடமாட்டாரு. பெட்டி இழுக்குது."

"78லதான் வச்சிருக்கேன், மாமா. வேகம் காட்டுற முள்ளப் பாருங்க."

"முள்ளு சொல்றத நீ கேளு. நான் காது சொல்றதக் கேக்கறேன்."

எனக்குச் சற்றுக் கோபம்தான். மறுவாரம் 77 கோடுகள் அச்சிட்ட வட்ட அட்டை ஒன்றைத் தட்டின் மேல் வைத்துப் பார்த்தேன். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்கும். அந்த வெளிச்சத்தில் தட்டு நிமிடத்துக்கு 77.92 சுற்று சுழன்றால் கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். கூடத்தில் இருந்த புதிய எல்.இ.டி. விளக்கில் ஒன்றும் தெரியவில்லை, அது அப்படி மினுக்குவதில்லை. சமையலறையின் பழைய குழல்விளக்குக்குக் கீழே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபின்தான் கோடுகள் பின்னோக்கி நகர்வது தெரிந்தது. சுற்றுகளை எண்ணிப் பார்த்தபோது 74. நான்கு சுற்றுகள் குறைந்தால் சுருதி ஏறக்குறைய அரை சுரம் இறங்கிவிடும், பாட்டும் அந்த விகிதத்தில் மந்தமாகும். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசை வரை எட்டும்படி பாடிப் பழகிய குரலை நான் மாதக்கணக்காகத் தூக்கக் கலக்கத்தில் பாட வைத்திருக்கிறேன். வேகத் திருகைச் சரிசெய்து மீண்டும் போட்டபோது மண்டோர் மாமா ஒன்றும் சொல்லவில்லை. மடியில் விரல்களை வைத்து, இல்லாத கட்டைகளை அழுத்திக்கொண்டிருந்தார்.

78 என்பதும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ஒலிவாங்கி வழியாக மின்முறையில் பதிவு செய்வது 1925இல் தொடங்கியது. அதற்கு முன் பாடகர் ஊதுகுழல் வாயில் பாட, அந்த அதிர்வே மெழுகில் கோடு கீறியது. அந்தக் காலத் தட்டுகள் 70 முதல் 80க்கு மேல் வரை பல வேகங்களில் பதிவானவை. ஆர்மோனியம் ஒலிக்கும் நாடகப் பாட்டாக இருந்தால் சுருதி இரு கட்டைகளுக்கு நடுவில் தொங்குகிறதா என்று பார்த்துத் திருகை நகர்த்துகிறேன். அந்தக் கால ஆர்மோனியங்கள் எல்லாம் ஒரே சுருதிக்கு அமைந்தவை அல்ல என்பதால் இது உறுதியான அளவுகோல் இல்லை என்றாலும், காதுக்கு ஒரு துணை.

பிரதியெடுக்கப் பெட்டியை நான் பயன்படுத்துவதில்லை. அதன் முள் தட்டை நூறு கிராமுக்கு மேல் அழுத்தும். ஆகவே 78 வேகம் உள்ள இன்றைய சுழல்மேசை ஒன்றில், சில கிராம் மட்டுமே அழுத்தும் முள்ளால் எடுக்கிறேன். அந்த முள் பழைய தட்டுகளுக்கென்றே செய்த, அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு ஆரமுள்ள நுனி கொண்டதாக இருக்க வேண்டும். பிற்கால எல்.பி. என்னும் நீண்ட நேரம் ஓடும் தட்டுகளுக்கான மெல்லிய முள் அகலப் பள்ளத்தின் அடியில் உருண்டு குப்பையைத்தான் வாசிக்கும். அதே காரணத்தால் எல்.பி.யைக் கிராமபோனில் வைக்கவே கூடாது. ஒரே ஓட்டத்தில் உழுதுவிடும்.

2019இல் முதல் பிரதிகளை வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது, இரைச்சல் நீக்கும் மென்பொருளைத் தாராளமாகப் பயன்படுத்தியிருந்தேன். 'சுத்தமாக இருக்கிறது' என்று பலரும் பாராட்டினார்கள். ஜொகூரில் இருக்கும் என் சித்தி மட்டும், "யாருப்பா தண்ணிக்குள்ள இருந்து பாடறது?" என்று கேட்டுக் குரல் செய்தி அனுப்பினார். அவர் சொன்னது சரி. மின்பதிவே ஏறத்தாழ 5000 ஹெர்ட்ஸ் வரைதான் பிடித்தது. ச, ஸ போன்ற ஒலிகளின் கூர்மை அந்த எல்லையில்தான் இருக்கிறது, தட்டின் இரைச்சலும் அங்கேதான் இருக்கிறது. இரைச்சலை வழித்தால் சொற்களின் பல்லும் போய்விடும், பிருகா என்னும் விரைவான சுர உருட்டல்கள் ஒன்றோடொன்று குழையும். இப்போது வேகத்தைச் சரிசெய்கிறேன், இடம், வலம் என்று பதிவாகும் இரண்டு ஒலித்தடங்களை ஒன்றாக்குகிறேன், பெரிய வெடிப்புகளைக் கையால் ஒவ்வொன்றாக நீக்குகிறேன். மீதி இரைச்சலைத் தொடுவதில்லை. இணையத்தில் சுற்றும் பழைய நாடகப் பாட்டுகளில் நான் கேட்ட பெரும்பாலானவை இதற்கு நேர்மாறாக, இரைச்சலை மழுங்க வழித்துவிட்டு வேகத்தைக் கவனிக்காமல் விட்டவை.

பகிர்வதில் உரிமைக் கேள்வியும் உண்டு. மலேசியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியீட்டிலிருந்து 50 ஆண்டுகள், இந்தியாவில் 60; ஆகவே 1930களின் பதிவுகளுக்கு இரு நாட்டிலும் தடையில்லை. பாட்டை எழுதியவரின் உரிமை தனி. கே.பி. சுந்தராம்பாளுக்குத் தேசியப் பாடல்கள் எழுதிய மதுரகவி பாஸ்கரதாஸ் 1952இல் மறைந்தவர், அவருடைய உரிமைக் காலம் இரு நாட்டிலும் முடிந்துவிட்டது. பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தார்; மலேசியாவில் 2023 முடிவோடு காலம் தீர்ந்தது, இந்தியாவில் 2033 முடிய இருக்கிறது. என் உறவினர்கள் கடலுக்கு இரு பக்கமும் இருப்பதால் அவர் பாட்டுகள் உள்ள தட்டுகளை வீட்டில் மட்டுமே போடுகிறேன்.

வீட்டில் கேட்பது தனி இன்பம். பத்தங்குலத் தட்டில் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம். விருத்தம் ஒரு பக்கம், பாட்டு மறுபக்கம் என்று பிரிந்திருந்தால், திருப்பிப் போடும் இடைவெளியில்தான் பேச்செல்லாம் நடக்கிறது. கைப்பேசியில் ஒரே கோப்பாக அனுப்பும்போது அந்த இடைவெளி கிடைப்பதில்லை, அதனால் இரு பக்கங்களையும் தனித்தனியாகவே அனுப்புகிறேன்.

நல்ல நிலையில் உள்ள 26இல் 19 தட்டுகளை இதுவரை பிரதியெடுத்திருக்கிறேன். லேபிள் போன தட்டு ஒரு பெண்குரல். இந்தியாவில் பதிவான முதல் காலத்துத் தட்டுகளில், 1902இல் கல்கத்தாவில் பாடிய கௌஹர் ஜான் செய்ததுபோல, ஜெர்மனியில் தட்டு அச்சிடுபவர்களுக்கு அடையாளமாகப் பாடகர் தம் பெயரை இறுதியில் சொல்வதுண்டு. இந்தப் பெண் சொல்லவில்லை. மண்டோர் மாமா மூன்று பெயர்களைச் சொல்லி மூன்றையும் தாமே மறுத்துவிட்டார். சென்ற வாரம் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது, பள்ளங்கள் முடிந்து லேபிள் தொடங்கும் வழுவழுப்பான வளையத்தில், பதிவை அடையாளம் காட்டும் எண் ஒன்று தெரிந்தது. கடைசி இலக்கம் 3 என்கிறேன் நான்; 8 என்கிறார் மாமா. பூதக்கண்ணாடியோடு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.