மலைநடைக்கும் காட்டுப்பாதை ஓட்டத்துக்கும் காலுறை: சென்னை வியர்வையில் நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

புதிதாக வாங்கிய காலுறையைப் பற்றி யார் எவ்வளவு புகழ்ந்தாலும் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பெட்டியிலிருந்து எடுத்த அன்று எல்லாக் காலுறைகளும் மெத்தென்றுதான் இருக்கும். பல மாதங்கள் துவைத்து, மொட்டை மாடியில் உலர்த்தி, மறுபடி போட்டுக்கொண்டு மலையேறிய பிறகும் குதிகால் பகுதி குதிகாலிலேயே நிற்கிறதா என்பதுதான் நான் பார்க்கும் முதல் தகுதி. வார நாட்களில் பெசன்ட் நகர்ப் பக்கம் ஓட்டம், விடுமுறைகளில் நாகலாபுரம், ஏலகிரி, ஜவ்வாது மலை என்று போய்வரும் ஒருவரின் கணிப்பாக இதை வாசிக்கலாம்.

முழுப் பருத்திக் காலுறையை மலைக்கு எடுத்துச் செல்ல வேண்டாம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. பருத்தி வியர்வையை உறிஞ்சும். உறிஞ்சியதை எளிதில் விடாது. கொப்புளம் தோலின் மேற்பரப்பு உரசுவதால் மட்டும் வருவதில்லை. ஈரத்தால் மென்மையான தோல் காலுறையோடு ஒட்டிக்கொண்டு நிற்க, உள்ளே எலும்பு ஒவ்வோர் அடிக்கும் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருக்க, இவ்விரண்டுக்கும் நடுவே இழுபடும் தோலின் அடுக்குகள் பிரிந்து, அந்த இடைவெளியில் நீர் கோத்துக்கொள்கிறது. குளிர்ப் பகுதிகளில் சில மணி நேரத்துக்குப் பிறகு காலில் சேரும் ஈரம், சென்னைப் புழுக்கத்தில் ஓடத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே சேர்ந்துவிடுகிறது. ஆகவே நமக்குக் காலுறை என்பது குளிருக்கான உடுப்பு அல்ல. ஈரத்தைக் கையாளும் கருவி.

இந்தக் கணக்கில்தான் மெரினோ என்ற ஆட்டினத்தின் மெல்லிய கம்பளி வருகிறது. சென்னையில் கம்பளியா என்று வீட்டில் சிரித்தார்கள். சால்வைக் கம்பளியைப் போல இது குத்துவதில்லை, ஏனெனில் காலுறைக்குப் பயன்படும் மெரினோ இழை பெரும்பாலும் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுக்குள் அடங்கும் மெல்லிய இழை. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் தொட்டால் சொதசொதவென்று இருக்காது; நாற்றமும் எளிதில் பிடிக்காது. ஏலகிரி சுவாமிமலை ஏற்றத்துக்கு முதல் நாள் போட்ட ஜோடியை இரவு காற்றாட வைத்து மறுநாளும் போட முடிந்தது. நைலான் ஜோடியை அவ்வாறு அறைக்குள் வைத்திருந்தால் உடன் வந்தவர்கள் வெளியே படுத்திருப்பார்கள். முழுக் கம்பளி சீக்கிரம் தேயும் என்பதால் நைலானும், இழுத்தால் நீண்டு மீளும் ஸ்பான்டெக்ஸ் இழை சிறிதும் கலந்த, மெல்லிய அல்லது நடுத்தரத் தடிமனையே தேர்ந்தெடுக்கிறேன். மிகத் தடித்தவை வெப்பத்தைத் தேக்குவதோடு, சரியான அளவில் வாங்கிய காலணியையும் இறுக்கிவிடுகின்றன.

நாகலாபுரத்தில் மட்டும் கம்பளி தோற்றது. அங்கே ஓடையைத் திரும்பத் திரும்பக் கடக்க வேண்டியிருக்கும். முழுவதும் நனைந்த கம்பளி அன்று முழுக்கக் காயவில்லை. மெல்லிய நைலான் காலுறையோ காலணியிலிருந்து நீர் வடிந்த சிறிது தூரத்திலேயே நடக்க ஏற்றதாகிவிட்டது. நீர்ப் பாதை என்றால் நைலான், வறண்ட ஏற்றம் என்றால் கம்பளிக் கலவை என்று இப்போது பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

நீண்ட ஓட்டத்துக்கு ஐந்து விரலுக்கும் தனித்தனி உறை கொண்ட காலுறையே எனக்குப் பொருந்துகிறது. விரல்கள் ஒன்றோடொன்று உரசுவது நின்றதால் சுண்டு விரல் ஓரத்தில் வரும் கொப்புளம் மறைந்தது. விடிவதற்கு முன் வியர்த்த காலில் ஒவ்வொரு விரலாக நுழைப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். காலணியின் முன்பகுதி குறுகலாக இருப்பவர்களுக்கு இது உதவாது.

உயரத்தைப் பொறுத்தவரை, கணுக்காலுக்குக் கீழே நிற்கும் குட்டைக் காலுறை சாலைக்குப் போதும். காட்டுப்பாதையில் மணலும் சிறு கற்களும் உள்ளே இறங்கும். மழைக்குப் பிறகு ஒட்டுப்புல்லும் நாயுருவியும் பின்னலில் ஏறி, விரலால் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டிவரும். கணுக்காலுக்கு மேலே ஏறி, நெருக்கமாகப் பின்னப்பட்டதே நல்லது. வால்பாறை போன்ற அட்டை மிகுந்த இடங்களுக்கு இதுவும் போதாது. முழங்கால் வரை வரும் நெருக்கமான துணி உறையை மேலே தனியாகக் கட்டிக்கொள்ள வேண்டும்.

தேய்மானம் எப்போதும் குதிகாலிலும் பெருவிரலுக்குக் கீழும்தான் தொடங்குகிறது. கைமுட்டியைக் காலுறைக்குள் நுழைத்து சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: கம்பளி உதிர்ந்து நைலான் வலை மட்டும் எஞ்சிய இடம் சல்லடைபோல் தெரியும். அந்த ஜோடி இனி நீண்ட நடைக்கு ஆகாது. ஆனால் என்னிடம் தேய்ந்து ஓய்வு பெற்றவற்றைவிட, இழுவை போய் ஓய்வு பெற்றவையே அதிகம். சித்திரை வெயிலில் மாடிக் கொடியில் நாள் முழுக்கக் கிடந்தால் மீள்தன்மை தரும் இழை செத்துவிடுகிறது. பிறகு குதிகால் பகுதி உள்ளங்காலுக்கு நழுவி மடிப்பு விழ, கொப்புளம் அங்கேதான் வரும். ஆழ்குழாய் உப்புத் தண்ணீரில் துவைத்தால் துணி விறைத்துப்போகிறது என்று மென்மையூட்டும் திரவம் ஊற்றுவதும் சரியல்ல, அது இழைமேல் படலமாகப் படிந்து ஈரம் கடத்தும் திறனைக் குறைக்கும். உட்புறத்தை வெளியே திருப்பி, குறைவான சோப்பில் அலசி, நிழலில் உலர்த்துகிறேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நைலான் மின்விசிறிக்கடியில் விடிவதற்குள் காய்ந்துவிடும். கம்பளிக்கு இன்னொரு பகல் வேண்டும். அரைகுறையாகக் காய்ந்ததைப் போட்டுக்கொண்டு ஓடினால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும் என்பதால், அந்த மாதங்களுக்குக் கூடுதலாக ஒரு நைலான் ஜோடி தேவை.

வாங்குவதானால், கால் சற்று வீங்கியிருக்கும் மாலையில், ஓடும் காலணியையும் எடுத்துக்கொண்டு போங்கள். எல்லோருக்கும் ஒரே அளவு என்று விற்கப்படுவதைத் தவிர்த்து, குறுகிய அளவு வரம்பு அச்சிட்டதைத் தேடுங்கள். நல்ல கம்பளிக் கலவை ஒரு ஜோடியின் விலைக்குத் தியாகராய நகரில் பருத்திக் காலுறைகளை ஒரு கட்டாகவே வாங்கிவிடலாம் என்பது உண்மைதான். அலுவலகத்துக்கு நான் போட்டுச் செல்வதும் அந்தக் கட்டிலிருந்துதான்.