4 ஜிபி பழைய லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ் டெஸ்க்டாப்? தமிழ்த் தட்டச்சோடு சேர்த்து ஒரு மதிப்பீடு

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி என்று மதுரையைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும், பல வீட்டு பீரோவுக்குள் ஒரு லேப்டாப் கிடக்கும். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. "ரொம்ப ஸ்லோ" என்று மூடி வைத்தது. முதலில் வந்தவற்றில் 2 ஜிபி ரேம், பிறகு வந்தவற்றில் 4 ஜிபி. சுழலும் ஹார்டு டிஸ்க், 14 அங்குலத் திரை, 1366 × 768 புள்ளிகள். விண்டோஸோடு சென்னை சி-டாக் ஆய்வு மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் சேர்த்தே கொடுத்தார்கள். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் புதிய புராசஸரும் இந்த மெஷின்களில் கிடையாது. தூக்கிப் போடுவதற்கு முன், விண்டோஸுக்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டுப் பார்ப்பதுதான் நியாயம்.

லினக்ஸ் என்று முடிவு செய்ததும் அடுத்த கேள்வி டெஸ்க்டாப். மெனு, பேனல், ஜன்னல்களை நகர்த்தும் நிரல், ஃபைல் மேனேஜர், செட்டிங்ஸ் எல்லாம் சேர்ந்த தொகுப்பு அது. விண்டோஸில் ஒன்றே ஒன்றுதான். இங்கே எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி, சின்னமன், மாட்டே, கேடிஇ பிளாஸ்மா, க்னோம் என்று ஆறேழு உண்டு. தேர்வு செய்யும்போது பார்க்க வேண்டியவை மூன்று: ரேம், திரையின் உயரம், தமிழ்த் தட்டச்சு எவ்வளவு சுலபமாக உட்காருகிறது என்பது. அழகைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் ரேம். பூட் ஆகி எதையும் திறக்காமல் நிற்கும்போது எக்ஸ்எஃப்சிஇ ஏறத்தாழ 600 முதல் 900 எம்பி எடுக்கும். எல்எக்ஸ்க்யூடி அதைவிடக் கொஞ்சம் குறைவு. சின்னமனும் பிளாஸ்மாவும் 1 ஜிபியை ஒட்டியோ தாண்டியோ நிற்கும்; க்னோம் அதற்கும் மேலே. டிஸ்ட்ரோவை, அதாவது லினக்ஸ் மின்ட், உபுண்டு என எந்த லினக்ஸ் தொகுப்பு என்பதைப் பொறுத்து இது முன்னே பின்னே மாறும். பிரவுசரில் நாலைந்து டேப் திறந்தால் அதுவே ஒன்றரை ஜிபி கேட்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 4 ஜிபி மெஷினில் அரை ஜிபி மிச்சமானால் வேலை நிற்காமல் ஓடும். 8 ஜிபியில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. டாஸ்க் மேனேஜரில் 'யூஸ்டு' என்பதோடு 'கேஷ்'-ஐயும் சேர்த்துக் கூட்டிப் பயப்பட வேண்டாம். 'அவைலபிள்' எவ்வளவு என்று மட்டும் பாருங்கள்.

ஹார்டு டிஸ்க் சுழலும் வகை என்றால் எந்த டெஸ்க்டாப்பும் பெரிதாகக் காப்பாற்றாது. 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்றை மாற்றிவிட்டு அதில் லினக்ஸை நிறுவுங்கள். டவுன் ஹால் ரோடு பக்கம் கடையில் மாற்றித் தரச் சொன்னால், கூடவே ஃபேனில் படிந்த தூசியைத் தட்டி தெர்மல் பேஸ்ட்டும் புதிதாகப் போடச் சொல்லிவிடுங்கள். கத்திரி வெயிலில் புராசஸர் சூடாகித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்தப் பழி டெஸ்க்டாப் மேல் விழும்.

4 ஜிபி மெஷினுக்கு எங்கள் தேர்வு எக்ஸ்எஃப்சிஇ. 1996-இல் தொடங்கிய திட்டம், நிதானமாக நகர்வது, 4.18 வந்தது 2022 டிசம்பரில், 4.20 வந்தது 2024 டிசம்பரில். இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் புதிது என்பதால் பழகிய இடத்தில் பழகிய பொத்தான் அப்படியே இருக்கும். வீட்டில் பெரியவர்கள் பயன்படுத்தும் கம்ப்யூட்டருக்கு இதைவிட நல்ல குணம் வேறு இல்லை. இதை எடுக்க நேர்வழி லினக்ஸ் மின்ட் 22-இன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்டது. 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. குறைந்தது 2 ஜிபி ரேம், 20 ஜிபி இடம் வேண்டும், 4 ஜிபி ரேம் இருந்தால் வசதி என்று மின்ட் தளமே சொல்கிறது.

768 புள்ளி உயரத்தில் ஒவ்வொரு வரியும் முக்கியம். பேனல் மேல் ரைட் கிளிக் செய்து, பேனல் பிரிஃபரன்ஸஸில் மோடு என்பதை 'டெஸ்க்பார்' என்று மாற்றி, பேனலை இடது ஓரத்துக்கு இழுத்து வையுங்கள். அகலம் தாராளமாக இருக்கிறது, உயரம்தான் பஞ்சம். லிப்ரே ஆபீஸில் இரண்டு வரி கூடுதலாகத் தெரியும்.

எக்ஸ்எஃப்சிஇயில் இடறும் இடங்களும் உண்டு. ஜன்னலின் ஓரக்கோடு மிக மெல்லியது, மவுஸ் எளிதில் சிக்காது. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு ஜன்னலுக்குள் எங்கே வேண்டுமானாலும் ரைட் பட்டனால் இழுத்தால் அளவு மாறும், லெஃப்ட் பட்டனால் இழுத்தால் இடம் மாறும். இந்த ஒன்றைச் சொல்லிக் கொடுக்காததாலேயே எக்ஸ்எஃப்சிஇயைக் கைவிட்டவர்கள் இருக்கிறார்கள். வீடியோ ஓடும்போது படம் குறுக்கே கிழிவதுபோல் தெரிந்தால், விண்டோ மேனேஜர் ட்வீக்ஸில் கம்பாசிட்டர் டேபுக்குப் போய், ஜன்னல்களை ஒன்றாகச் சேர்த்துத் திரையில் வரையும் அந்த வசதி 'ஆன்' நிலையில் இருக்கிறதா பாருங்கள். 2 ஜிபி மெஷினில் அதையே அணைத்துவிட்டால் நிழல்கள் போகும், வேகம் கொஞ்சம் கூடும்.

இன்னொன்று பேனல் காணாமல் போவது. பேட்டரி செத்த லேப்டாப்பை வயரிலேயே ஓட்டுபவர்களுக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் பட்டென்று அணைந்துவிடும். அப்போது எழுதிக்கொண்டிருந்த அமைப்புக் கோப்பு அறுந்து போனால், அடுத்த முறை வெறும் திரைதான் வரும். லாக் அவுட் செய்யும்போது 'செஷனைச் சேமி' என்ற கட்டத்தில் டிக் போட்டு, அதில் கோளாறான நிலை பதிந்துவிட்டாலும் இதே கதிதான். ஃபைல் மேனேஜரில் ஹோம் ஃபோல்டருக்குப் போய் கண்ட்ரோல், ஹெச் அழுத்துங்கள். மறைந்திருக்கும் ஃபோல்டர்கள் தெரியும். அதில் 'கேஷ்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'செஷன்ஸ்' என்பதை நீக்கிவிட்டு வெளியேறி மீண்டும் நுழையுங்கள். பேனலை விருப்பப்படி அமைத்து முடித்த அன்றே, பேனல் பிரிஃபரன்ஸஸில் உள்ள பேக்கப் பொத்தானால் ஒரு நகல் எடுத்து வைத்தால் திரும்ப அமைக்க ஒரு நிமிடம் போதும்.

இனி தமிழ். கீபோர்டு செட்டிங்ஸில் தமிழ் லேஅவுட் ஒன்றைச் சேர்த்துவிட்டு "தமிழ்99 விசைமுறை சரியாக வரவில்லை" என்று புலம்புவது அடிக்கடி நடக்கிறது. அங்கே இருப்பது ஒரு விசைக்கு ஒரு குறி என்ற எளிய அட்டவணை. மெய்யும் உயிரும் அடுத்தடுத்துத் தட்டினால் உயிர்மெய்யாக்குவதும், ஒரே எழுத்தை இரண்டு முறை தட்டினால் முதலாவதுக்குப் புள்ளி வைப்பதும் அதற்குத் தெரியாது. அதற்கு, தட்டும் விசைகளை எழுத்தாக மாற்றித் தரும் ஐபஸ் நிரல், அதோடு பல மொழிகளின் தட்டச்சு விதிகளைக் கொண்ட எம்17என் தொகுப்பு இரண்டும் வேண்டும். மின்ட்டின் சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடி இரண்டையும் நிறுவுங்கள். பிறகு மெனுவில் 'இன்புட் மெத்தட்' திறந்து ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக் அவுட் செய்து மீண்டும் உள்ளே வாருங்கள். ஐபஸ் பிரிஃபரன்ஸஸில் 'ஆட்' அழுத்தி, தமிழ் என்பதன் கீழ் தமிழ்99 எம்17என் சேர்த்தால் முடிந்தது. ஃபொனடிக், டைப்ரைட்டர் வகைகளும் அங்கேயே இருக்கும். மொழி மாற்ற சூப்பர் (விண்டோஸ் சின்னம் உள்ள விசை), ஸ்பேஸ் இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். அப்படி அழுத்தும்போது மெனு திறந்துகொண்டால், ஐபஸிலேயே அதை கண்ட்ரோல், ஸ்பேஸ் என்று மாற்றிவிடுங்கள்.

எழுத்து சரியாகத் தெரிகிறதா என்று சோதிக்க நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய மதுரைத் திட்டத்தின் நூல் ஒன்றைத் திறந்து பாருங்கள். 1998 பொங்கலில் தொடங்கிய அந்த மின்னூல் முயற்சியின் யூனிகோட் கோப்புகள் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் பளிச்சென்று வரும். யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி முறைக் கோப்புகள் புரியாத குறிகளாகத் தெரிந்தால் அது டெஸ்க்டாப்பின் குற்றமில்லை, குறியாக்கம் வேறு. தலைப்புப் பட்டையில் 'கூ', 'ஞூ' போன்ற எழுத்துகளின் அடிப்பகுதி வெட்டுப்பட்டால், மெனுக்களுக்கென்றே செய்த நோட்டோ சான்ஸ் தமிழ் யூஐ எழுத்துருவைப் போடுங்கள். லிப்ரே ஆபீஸில் எழுத்துரு மாற்றியும் தமிழ் மட்டும் மாறாவிட்டால், டூல்ஸில் ஆப்ஷன்ஸ் போய் மொழிப் பகுதியில் சிடிஎல் (தமிழ் போன்ற சிக்கலான எழுத்துமுறைகளுக்கான வசதி) என்பதை இயக்குங்கள். தமிழுக்கான எழுத்துருவை அது தனியே வைத்திருக்கிறது.

8 ஜிபியும் எஸ்எஸ்டியும் உள்ள மெஷின் என்றால் தயங்காமல் கேடிஇ பிளாஸ்மா. 2024 பிப்ரவரியில் வந்த பிளாஸ்மா 6 முதல், திரையில் ஜன்னல்களைக் காட்டும் புதிய முறையான வேலண்டுதான் இயல்புநிலை. லேப்டாப் திரை ஒரு அளவு, வெளி மானிட்டர் வேறு அளவு என்றால் ஒன்றுக்கு 125 சதவீதம், மற்றதற்கு 100 என்று தனித்தனியே பெரிதாக்கலாம். எக்ஸ்எஃப்சிஇயால் அது முடியாது. கேடிஇ கனெக்ட் வழியாக மொபைலிலிருந்து போட்டோ, ஃபைல் எல்லாம் வயர் இல்லாமல் வந்து சேரும். இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தும் ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாவிட்டால் ஃபயர்வாலில் 1714 முதல் 1764 வரையுள்ள போர்ட்டுகளை டிசிபி, யுடிபி இரண்டுக்கும் திறந்துவிடுங்கள். சிஸ்டம் செட்டிங்ஸில் ஃபைல் சர்ச் இண்டெக்ஸிங்கை அணைப்பது நல்லது. ஹார்டு டிஸ்கில் அது மணிக்கணக்கில் அரைத்துக்கொண்டிருக்கும். தமிழுக்கு, ஐபஸ் செய்யும் வேலையையே செய்யும் ஃபிசிடிக்ஸ்5-உம் அதன் எம்17என் தொகுப்பும் நிறுவி, கீபோர்டு பகுதியில் 'விர்ச்சுவல் கீபோர்டு' என்ற இடத்தில் ஃபிசிடிக்ஸ்5-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயரைப் பார்த்துத் திரைக் கீபோர்டு என்று நினைத்து இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வேலண்டில் தமிழ் வராததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பட்டியலில் தமிழ் காணாவிட்டால் 'இப்போதைய மொழியை மட்டும் காட்டு' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். பிளாஸ்மாவோடு வரும் குபுண்டு 24.04-இல் இருப்பது பழைய 5.27 பதிப்பு என்பதையும் மனதில் வையுங்கள்.

க்னோமில் தமிழ் அமைப்பதுதான் எல்லாவற்றிலும் சுலபம். ஐபஸ் உள்ளேயே இருக்கிறது. எம்17என் தொகுப்பை மட்டும் நிறுவிவிட்டு, செட்டிங்ஸில் கீபோர்டு பகுதியில் சேர்த்தால் போதும். ஆனால் உயரமான தலைப்புப் பட்டைகள் 768 புள்ளித் திரையைத் தின்றுவிடும். டாக், மெனு என்று எக்ஸ்டென்ஷன்களை நம்பி அமைத்தால், ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும் புதிய பதிப்பில் அவை ஒத்துக்கொள்ளாமல் அணைந்து போகும். எக்ஸ்டென்ஷன் எதுவும் இல்லாமல், அது சொல்லும் வழியிலேயே பழகத் தயாராக இருப்பவர்களுக்கு மட்டும் நல்ல டெஸ்க்டாப்.

விண்டோஸ் 7-இல் கை பழகியவருக்கு சின்னமன். கற்றுக்கொள்ள ஏறக்குறைய ஒன்றுமில்லை; 4 ஜிபியில் ஓடும், பிரவுசரோடு சேர்ந்தால் மூச்சு வாங்கும். க்னோம் 2-இலிருந்து 2011-இல் பிரிந்து வந்தது மாட்டே. நல்லதுதான், ஆனால் எக்ஸ்எஃப்சிஇ இருக்கும்போது தனியாகத் தேடிப் போக வேண்டியதில்லை. 2 ஜிபி மெஷினுக்கு லுபுண்டுவோடு வரும் எல்எக்ஸ்க்யூடி. அதில் தமிழ்த் தட்டச்சு நிரலை ஆட்டோஸ்டார்ட் பட்டியலில் நாமே சேர்க்க வேண்டும்.

அழைப்பிதழ், போஸ்டர் வேலை செய்யும் டிடிபி கடைக்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பேஜ்மேக்கர், கோரல்டிரா, பாமினி எழுத்துருக் கோப்புகள் என்று தொழில் நடக்கிறது என்றால், எந்த டெஸ்க்டாப்பை மாற்றினாலும் அந்த மென்பொருள்கள் லினக்ஸில் நேரடியாக ஓடாது. அந்த மெஷினை விண்டோஸிலேயே விட்டுவிட்டு, பில் போடும் கம்ப்யூட்டரில் லினக்ஸைத் தொடங்குங்கள்.

நிறுவும் முன் 8 ஜிபி பென்டிரைவில் லினக்ஸின் நிறுவல் கோப்பான ஐஎஸ்ஓவை எழுதி, நிறுவாமலேயே பூட் செய்து அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, வெளிச்சம் கூட்டும் விசை வேலை செய்கிறதா, மூடியை மூடித் திறந்தால் திரை திரும்ப வருகிறதா என்று சோதியுங்கள். பென்டிரைவில் எல்லாமே கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும், வேகத்தை அங்கே வைத்து முடிவு செய்யாதீர்கள். நிறுவிய பிறகு இன்னொரு டெஸ்க்டாப்பை ருசி பார்க்க ஆசை வந்தால், அதே யூசரில் ஏற்றிக் குழப்ப வேண்டாம். இரண்டு ஃபைல் மேனேஜர், இரண்டு செட்டிங்ஸ், மாறிப்போன தீம், இருமுறை கேட்கும் பாஸ்வேர்டு என்று சிக்கல் முளைக்கும். அமைப்புகள் எல்லாம் ஹோம் ஃபோல்டருக்குள்தான் எழுதப்படுகின்றன. சோதனைக்கென்று புது யூசர் ஒன்றை உருவாக்கி, லாகின் திரையில் செஷனை மாற்றி அதில் நுழையுங்கள். பிடிக்காவிட்டால் அந்த யூசரை நீக்கி, ஏற்றிய தொகுப்பையும் எடுத்துவிடலாம்.