அடி இறக்கத்துக்கு மெஷ்: எந்த வழியாக வைக்கிறார்கள்?

கருப்பையோ சிறுநீர்ப்பையோ கீழே இறங்கிவிட்டால் அறுவை சிகிச்சையில் முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. பிறப்புறுப்பு வழியாகத் தளர்ந்த சொந்தத் திசுவையே இழுத்துத் தைக்கலாம். அதே வழியாக, பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன வலையை, அதாவது மெஷ்ஷை, வைக்கலாம். அல்லது வயிற்று வழியாக, இப்போது பெரும்பாலும் சிறு துளை வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில், மெஷ்ஷால் மேலே இழுத்துக் கட்டலாம்.

முதல் இரண்டில் மெஷ் ஜெயித்ததுபோல் ஒரு காலம் தெரிந்தது. 2011இல் வெளியான நார்டிக் நாடுகளின் ஆய்வில் 389 பெண்கள். சிறுநீர்ப்பை இறங்கிய அவர்களில், ஓராண்டு கழித்து மெஷ் வைத்தவர்களில் 60.8 சதவீதத்தினருக்கு நல்ல பலன். தையல் மட்டும் போட்டவர்களில் 34.5தான். ஆனால் மெஷ் பக்கம் சிறுநீர்ப்பையில் ஓட்டை விழுவதும், இருமினால் சிறுநீர் கசிவது புதிதாக வருவதும் அதிகம். 2017இல் வெளியான பிரிட்டனின் ப்ராஸ்பெக்ட் ஆய்வு, தன்னில் பங்கேற்ற பெண்களிடமே பலனைக் கேட்டது. தொந்தரவு குறைந்ததிலோ வாழ்க்கைத் தரத்திலோ இரு பக்கத்துக்கும் வித்தியாசமில்லை. இரண்டாண்டுக்குள் மெஷ் வைத்தவர்களில் பத்தில் ஒருவருக்கும் மேல் மெஷ் தொடர்பான சிக்கல்.

அந்தச் சிக்கலை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. மெஷ்ஷின் ஓரம் பிறப்புறுப்புச் சுவரைத் துளைத்து வெளியே தலைகாட்டும். ரத்தக் கசிவு, உடலுறவில் வலி, சிலருக்கு ஓயாத இடுப்பு வலி. திசு அதற்குள் வளர்ந்து பின்னிக்கொள்வதால் முழுதாக எடுப்பதும் கடினம். மறுபடி இறங்கியதற்கான அறுவை மெஷ் வைத்தவர்களுக்குக் குறைவு என்பது உண்மை. ஆனால் மெஷ்ஷையே சரிசெய்யப் போனவர்களையும் சேர்த்துக் கூட்டினால், திரும்பவும் ஆபரேஷன் தியேட்டருக்குப் போனவர்கள் அந்தப் பக்கமே அதிகம். 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., இறக்கத்துக்குப் பிறப்புறுப்பு வழியாக வைக்கும் மெஷ்ஷின் விற்பனையை நிறுத்தச் சொன்னது சரியான முடிவு. தாமதமாக வந்தது என்பதுதான் என் வருத்தம்.

வயிற்று வழி மெஷ்ஷுக்கு அந்த உத்தரவு பொருந்தாது. கருப்பை எடுத்தபின் பிறப்புறுப்பின் உச்சி இறங்கியவர்களுக்கு, பிறப்புறுப்பு வழி அறுவைகளைவிட இது நீடித்து நிற்கிறது. ஆனாலும் அமெரிக்காவில் ஏழாண்டு தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், மெஷ் அரித்து வெளிவரும் வாய்ப்பு 10.5 சதவீதம் என்று கணக்கிட்டார்கள்.

ஆகவே முதல் அறுவை, பிறப்புறுப்பின் முன்சுவர் அல்லது பின்சுவர் மட்டும் இறக்கம் என்றால் சொந்தத் திசுத் தையலையே நான் சொல்வேன். உச்சி மறுபடி இறங்கியிருந்தால் வயிற்று வழியைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம். இறங்கியதைத் தாங்கிப் பிடிக்க உள்ளே வைக்கும் பெஸ்ஸரி வளையம் பொருந்துகிறவர்களுக்கு அறுவையே அவசரமில்லை.