பட்டை நிப், சாய்வு நிப்: பாரிமுனையில் கை பார்த்துத் தேர்ந்தது

கனடாவிலிருந்து சென்னைக்கு வருகிறவர்களின் வேலைப் பட்டியல் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். பல் டாக்டர், மூக்குக்கண்ணாடி, பிளவுஸ் தையல், வங்கியில் கே.ஒய்.சி. இந்த முறை என் பட்டியலில் ஃபவுண்டன் பேனாவுக்கு நிப் தேர்ந்தெடுப்பதும் சேர்ந்துகொண்டது. ஐம்பது வயது ஆகிறது, நல்ல பேனா ஒன்று வாங்கிக்கொள் என்று வீட்டில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். மான்ட்பிளாங்கா, பெலிக்கானா, லாமியா என்பது முடிவாகவில்லை. பட்டையாக எழுத வேண்டும், முடிந்தால் சாய்வு வெட்டு உள்ள நிப்பாக, அதாவது ஆப்லிக்காக, இருக்க வேண்டும் என்பது மட்டும் முடிவாகியிருந்தது. இணையத்தில் ஆர்டர் கொடுத்தால் டொரன்டோ வீட்டு வாசலுக்கே வந்துவிடும். ஆனால் என் கையைப் பார்த்து, நான் எழுதும் தமிழைப் பார்த்து, இதுதான் உங்களுக்குச் சரி என்று சொல்ல அங்கே யாரும் அமையவில்லை.

முதலில் போனது ஒரு மாலில் இருந்த பேனாக் கடைக்கு. பெயர் வேண்டாம். கண்ணாடி அலமாரி, வெள்ளைக் கையுறை, மரியாதையான பேச்சு எல்லாம் இருந்தன. கையிருப்பில் இருந்த நிப்புகளோ மெல்லிசான ஃபைனும் நடுத்தர மீடியமும்தான். பட்டையாக எழுதும் பிராட் வேண்டுமென்றால் வரவழைக்க வேண்டும், முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்ட வேண்டும் என்றார்கள். ஆப்லிக் கிடைக்குமா என்று கேட்டதற்கு, "அது லெஃப்ட் ஹேண்டர்ஸுக்குத்தானே மேடம்?" என்றார் விற்பனைப் பெண். இருக்கிற மீடியத்தையாவது மையில் தொட்டு எழுதிப் பார்க்கிறேன் என்றேன். விடவில்லை. மை பட்ட பேனாவை அடுத்தவருக்கு விற்க முடியாது என்பது அவர்கள் கணக்கு. விலை லட்சத்தைத் தொடும் ஒரு பொருளை ஒரு வரிகூட எழுதிப் பார்க்காமல் வாங்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

சாய்வு நிப் இடது கைக்காரர்களுக்கானது என்ற எண்ணம் பரவலாக இருப்பதால் இதைச் சற்று விளக்கிவிடுகிறேன். நிப்பின் நுனியில் கடினமான உலோக மணி ஒன்றை ஒட்டியிருப்பார்கள். பழக்கத்தில் அதை இரிடியம் என்கிறோம். இன்றைய நிப்புகளில் பெரும்பாலும் வேறு உலோகக் கலவைகள்தான். அந்த மணியை உருண்டையாக விட்டால் எந்தப் பக்கம் இழுத்தாலும் கோடு ஒரே தடிமனில் விழும். முன்புறத்தைத் தட்டையாக வெட்டினால் கீழ்நோக்கிய கோடு தடித்தும் குறுக்குக் கோடு மெலிந்தும் வரும், இது ஸ்டப். அதே வெட்டைச் சுமார் 15 டிகிரி சாய்த்துவிட்டால் ஆப்லிக். மேலிருந்து பார்த்தால் இடது பாதத்து விரல்களைப்போல, வலப்பக்கம் நீண்டு இடப்பக்கம் குறைந்து போகும். வலது கையால் எழுதும்போது பேனாவை இடப்பக்கமாகக் கொஞ்சம் உருட்டிப் பிடிக்கிறவர்களுக்காகவே ஏற்பட்ட வெட்டு இது. அவர்கள் சாதாரண ஸ்டப்பில் எழுதினால் ஒரு மூலை காகிதத்தைவிட்டு எழும்பிக் கோடு விட்டுவிட்டு வரும். ஆப்லிக்கில் அந்த வெட்டு முழுவதும் காகிதத்தில் படியும். பேனாவை நேராகப் பிடிக்கிறவர் அதில் எழுதினால் அவருக்குத்தான் கீறும். எதிர்ப்பக்கச் சாய்வும் உண்டு, அது அரிது.

மால் கடையை விட்டுவிட்டுப் பாரிமுனைக்குப் போகலாம் என்று சொன்னது அண்ணன். மெட்ரோவில் ஐகோர்ட் நிலையத்தில் இறங்கினால் என்.எஸ்.சி. போஸ் சாலை நடக்கும் தூரம்தான். ஜெம் அண்ட் கோ போன்ற பழைய பேனாக் கடைகள் அந்தப் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. எதிரே உயர் நீதிமன்றம் இருப்பதால் கறுப்புக் கோட்டுக்காரர்கள் வந்து போய்க்கொண்டே இருக்கிறார்கள். நாங்கள் நுழைந்த கடையில் ஒரு பெரியவர் கண்ணில் லென்ஸ் வைத்து யாருடைய நிப்பையோ பார்த்துக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும், "இப்ப எழுதுற பேனாவைக் குடுங்கம்மா" என்றார். பல வருஷமாக என்னிடம் இருக்கும் மீடியம் நிப் பேனா அது. நுனியை லென்ஸில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இடப்பக்கம் தேஞ்சிருக்கு. நீங்க உருட்டிப் பிடிக்கிறீங்க" என்றார். எழுதச் சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டார். வெளிநாட்டில் எத்தனையோ நேர்த்தியான கடைகளைப் பார்த்திருக்கிறேன். இப்படிப் பார்த்துச் சொன்ன இன்னொருவரைப் பார்த்ததில்லை.

பிறகு தட்டு வந்தது. எபோனைட் என்ற கெட்டி ரப்பரில் செய்த பேனாக்களில் ஜெர்மனியின் யோவோ நிப்புகள்: ஃபைன், மீடியம், பிராட், 1.1 மி.மீ. ஸ்டப். எல்லாவற்றிலும் ஒரே நீல மை. நான் வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டுப் பார்த்தேன். "சைன் வேணாம்மா. சைன் எந்த நிப்புலயும் அழகாத்தான் வரும். நாலு வரி விடாம எழுதுங்க" என்றார். எழுதுவதற்கு அவரே கொடுத்த சொற்கள்: எண்ணெய், ஞாயிற்றுக்கிழமை, இணைப்பு.

அந்தச் சொற்களில்தான் சங்கதி இருக்கிறது. நிப் பற்றி நாம் படிக்கும் குறிப்பெல்லாம் ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்து எழுதியவை. ஆங்கிலத்துக்கு மீடியத்திலிருந்து பிராடுக்கு மாறினால் கொஞ்சம் பெரிதாக எழுதினால் போதும். தமிழில் ண, ஞ, இ மூன்றிலும் சுழி சுழியாக வெள்ளை இடம் வேண்டும். ணை வந்தால் முன்னால் இன்னும் இரண்டு சுழி. ஜெர்மன் பிராட் ஏறக்குறைய 0.8 முதல் 1 மி.மீ. வரை எழுதும். உருண்டை பிராடில் நான் வழக்கமான அளவில் எழுதியபோது 'எண்ணெய்' ஒரே நீலக் கட்டியாகிவிட்டது. ஸ்டப்பில் அகலம் அதைவிடக் கூடுதலாக இருந்தும் குறுக்குக் கோடுகள் மெலிந்ததால் சுழிகள் திறந்தே நின்றன. ட, ப, ம எல்லாம் கம்பீரமாக நின்றன. புள்ளிகூட வட்டமாக விழாமல் சின்னச் சதுரமாக விழுந்தது. எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. ஜப்பானிய நிப் என்றால் அதே பெயரில் ஒரு படி மெல்லிசாக எழுதும். அதனால் ஜப்பானிய பிராடைத் தமிழுக்கு யாரும் பயமில்லாமல் எடுக்கலாம்.

நம் எழுத்து ஓலையில் எழுத்தாணியால் கீறி வளர்ந்த எழுத்து. தடிப்பு, மெலிவு என்ற இலக்கணமே அதற்குள் கிடையாது. எனவே 1.5 மி.மீ. ஸ்டப்பைப்போல வேறுபாட்டை மிகைப்படுத்தும் நிப், கல்யாணப் பத்திரிகைத் தலைப்புக்குப் பொருந்தும், மூன்று பக்கக் கடிதத்துக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. மிதமான வேறுபாடே தமிழுக்கு அழகு.

ஆப்லிக் புதிதாகக் கடையில் இல்லை. பெரியவர் தன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய பெலிக்கானை எடுத்தார். ஓ.பி., அதாவது ஆப்லிக் பிராட். தொட்டு எழுதினேன். முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. ஸ்டப்பில் அவ்வப்போது விட்டுப்போன ழகர வால் இதில் முழுதாக வந்தது. வேகமாக எழுதியபோதும் கோடு அறவில்லை. அதே பேனாவை அண்ணன் வாங்கி எழுதினார். கரகரவென்று கீறி, பாதி எழுத்து காணோம். அவர் எழுதிக்கொண்டே பேனாவை விரலில் உருட்டுகிறவர், ஒரு கோணத்தில் நிற்கமாட்டார். "சாருக்கு உருண்டை பிராடுதான். எப்படித் திருப்புனாலும் எழுதும்" என்று முடித்துவிட்டார் பெரியவர். அண்ணன் எழுத்தும் பெரிது, சுழி அடைபடவில்லை. அவருக்கு அங்கேயே ஒரு எபோனைட் பேனா வாங்கினோம், பிராட் நிப்புடன்.

நுனியை இழைத்து வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு சேதி. பட்டை நிப்பை இழைத்து ஸ்டப்பாகவோ ஆப்லிக்காகவோ ஃபைனாகவோ ஆக்கலாம், மணியில் அதற்கான உலோகம் இருக்கிறது. ஃபைன் நிப்பைப் பட்டையாக்க முடியாது; புதிய மணியே ஒட்ட வேண்டும். ஆகவே தயக்கம் இருந்தால் அகலமானதையே எடுங்கள். ஆனால் புது மான்ட்பிளாங்கின் 18 காரட் நிப்பை உள்ளூரில் இழைக்கக் கொடுக்காதீர்கள், உத்தரவாதம் போய்விடும். பெரியவரும் அதைத்தான் சொன்னார். மான்ட்பிளாங்கில் ஓ.எம்., ஓ.பி., ஓ.பி.பி. என்று மீடியம், பிராட், இன்னும் பட்டையான டபுள் பிராட் மூன்றிலும் ஆப்லிக்கை நிறுவனமே வைத்திருக்கிறது. லாமி 2000 பேனாவிலும் உண்டு. ஆலையிலிருந்தே வாங்கிவிடலாம். என் பழைய மீடியத்தைத்தான் அவரிடம் கொடுத்தேன். மிக நுண்ணிய உப்புத்தாளில் எட்டு போட்டு எட்டு போட்டு, இடையிடையே லென்ஸில் பார்த்து, தேய்ந்த பக்கத்தின் கூர்மையை எடுத்துக் கொடுத்தார். கூலி சில நூறு ரூபாய். வேலை முடியும்வரை மோர் வேறு வாங்கிக் கொடுத்தார்கள்.

காகிதத்தையும் மறக்கக் கூடாது. பட்டை நிப் மையைக் கொட்டும். சாதாரண நோட்டில் பின்பக்கம் ஊறும், சென்னைக் காற்றின் ஈரத்தில் காயவும் நேரமாகும். கடையிலிருந்து ஆண்டர்சன் தெரு பக்கம்தான். காகித வியாபாரம் அங்கேதான். எடை கூடின பாண்ட் தாளை நாங்கள் கேட்ட அளவுக்கு வெட்டி, கட்டிக் கொடுத்தார்கள். கையில் பேனாவோடு போய் ஒரு தாளில் கிறுக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. மை வேகமாகத் தீரும் என்பதும் கணக்கில் இருக்கட்டும். பேனாவுக்குள் மாட்டி மை உறிஞ்சும் வழக்கமான கன்வெர்ட்டர் ஒரு மில்லிகூடக் கொள்ளாது, ஃபில்லரால் உடலிலேயே மை ஊற்றும் நம்மூர் எபோனைட் பேனா அதைப்போலப் பல மடங்கு கொள்ளும்.

பெரிய பேனாவைக் கனடா திரும்பியே வாங்கப் போகிறேன், ஓ.பி. நிப்புடன். நிப் மாற்றித் தரும் வசதி வாங்கிய ஊரில் இருப்பதுதான் நல்லது. எத்தனை வாரத்துக்குள் மாற்றலாம் என்பதை முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்வேன். என்னவென்று தெரிந்து கேட்கும் தெளிவு பாரிமுனையில் கிடைத்தது.

போகிறவர்கள் தினமும் எழுதும் பேனாவையும் வழக்கமான நோட்டையும் எடுத்துப் போங்கள், புதிதாக வாங்கியது வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் பெரும்பாலும் கடை இருக்காது. வார நாளில், மதியச் சாப்பாட்டுக்கு முன் போனால் உட்கார்ந்து எழுத இடம் கிடைக்கும். திரும்பும் விமானத்தில் பேனாவை முழுக்க நிரப்பியோ முழுக்கக் காலி செய்தோ, நிப் மேலே பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். பாதி மையோடு விட்டால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மூடிக்குள் மையைத் தள்ளிவிடும், பட்டை நிப்பில் அது இன்னும் அதிகம்.